மட்டக்களப்புக்கு ஐந்து நாள் வருபவர்களுக்கு: கடலுக்கு முன் வாவி

ஓகஸ்ட் மாதத்தில் சென்னையிலிருந்து கொழும்பு வழியாக மட்டக்களப்புக்கு வரவிருக்கும் ஒருவர், வயதான தாயாரும் பாடசாலை செல்லும் மகளும் உடன் வருவதாகவும் கையில் ஐந்து நாள் இருப்பதாகவும் எழுதியிருந்தார். பாசிக்குடாவில் மூன்று நாள், அறுகம்குடாவில் இரண்டு நாள் என்று அறை பதிவு செய்துவிடலாமா, இடையிலுள்ள நகரத்தில் பார்ப்பதற்கு ஏதேனும் உண்டா என்பது அவருடைய கேள்வி.

அறை பதிவு செய்வதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. பாசிக்குடாவும் அறுகம்குடாவும் அழகான இடங்கள்தான். ஆனால் அவை இரண்டும் ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீற்றர் நீளமான ஒரு கரையின் இரு முனைகள். அந்த முனைகளில் மட்டும் தங்கிவிட்டு, நடுவிலுள்ள ஊர்களை வாகனக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் போகிறவர், கடலைப் பார்த்தவர் ஆவாரேயன்றி மட்டக்களப்பைப் பார்த்தவர் ஆகமாட்டார். இந்த மாவட்டத்தின் வாழ்க்கை கடலோரத்தைவிட வாவியோரத்திலேயே அதிகம் நடக்கிறது. ஆகவே என்னுடைய ஆலோசனை, மூன்று இரவுகள் நகரத்திலேயே தங்குங்கள், பாசிக்குடாவுக்குப் பகலில் போய் வாருங்கள், கடைசியாகத் தெற்கே, அறுகம்குடா இருக்கும் பொத்துவில் பக்கம் இறங்குங்கள் என்பதே. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பு மனத்தில் பதிய வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரைக்கு இணையாகக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அதில்தான் ஊர்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தப் பக்கத்தை எழுவான்கரை என்போம். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடும் மாட்டுப்பட்டிகளுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. நகரத்தின் மையமாகிய புளியந்தீவு வாவிக்குள் இருக்கும் ஒரு தீவு. ஆகையால் இங்கே எங்கே போவதென்றாலும் ஒரு பாலத்தையோ ஒரு துறையையோ கடந்தே போக வேண்டியிருக்கும். வரைபடத்தை முன்னால் விரித்துக்கொண்டு இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பயணத் திட்டம் பாதி முடிந்தது போலத்தான்.

கொழும்பிலிருந்து வருவதற்குப் புகைவண்டியும் உண்டு, நெடுந்தூரப் பேருந்துகளும் உண்டு. உதயதேவி என்று நெடுங்காலமாக அறியப்பட்ட வண்டி இந்தப் பாதைக்குரியது. தாயாருடன் வருவதால் முன்பதிவு செய்த இருக்கை கட்டாயம் வேண்டும். வாகனம் அமர்த்தி வருவதாயின் ஹபரணை, பொலன்னறுவை வழியாகவே வருவீர்கள். ஓகஸ்ட் மாதம் மின்னேரியாக் குளத்தில் நீர் வற்றி, கரையில் புல் முளைத்து, யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும் காலம். வழியில் மாலை வேளையில் இரண்டு மூன்று மணி நேரம் அதற்கு ஒதுக்குவதில் பிழையில்லை.

புளியந்தீவைக் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், கால்நடையாகவே பாருங்கள். கோட்டையிலிருந்து தொடங்கலாம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை இது. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் 1638இல் இதைக் கைப்பற்றினார்கள். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதலாவது கோட்டை இதுவே. நான்கு கொத்தளங்கள், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி என்ற அமைப்பை மதிலின் மேல் ஏறி நின்றால் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளலாம். காலி, யாழ்ப்பாணம் ஆகிய கோட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றும். ஆயினும் கோட்டைக்குள்ளேயே நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இயங்கி வந்ததனால், காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைந்த எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு இது வரலாற்றுச் சின்னம் என்பதைவிட வரிசையில் நின்ற இடமாகவே நினைவிருக்கும்.

கோட்டையிலிருந்து வாவிக்கரை வழியே நடந்தால் காந்தி பூங்கா வரும். அங்கே மெதடிஸ்த மதப்பணியாளர் வில்லியம் ஓல்ட்டின் சிலை நிற்கிறது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டு முடிவதற்குள் இங்கேயே இறந்துபோன இளைஞர் அவர். அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கிய கல்விப் பணியிலிருந்து வளர்ந்ததே மெதடிஸ்த மத்திய கல்லூரி. அதற்குச் சற்றுத் தள்ளி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி. அமெரிக்க இயேசு சபைத் துறவியர் பலர் அங்கே பணியாற்றியதன் விளைவாக, கிரிக்கெட் பைத்தியம் பிடித்த இந்த நாட்டில் மட்டக்களப்புப் பிள்ளைகள் கூடைப்பந்தாட்டத்தில் பெயர் வாங்கினார்கள். நகர விளையாட்டரங்கும் அத்துறவியருள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. தேவாலயங்கள், பழைய ஓட்டு வீடுகள், மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம்.

இனி மீன்பாட்டு. எங்கள் ஊரை மீன்பாடும் தேனாடு என்று சொல்வது வெறும் புகழ்ச்சிக்கு அல்ல. கல்லடிப் பாலத்தின் அடியில், காற்று அடங்கிய நிலவு இரவுகளில், நீருக்குள்ளிருந்து ஓர் ஒலி கேட்கும் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. பிரித்தானிய ஆட்சியில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் படகில் போய் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். மெல்ல மீட்டிய நரம்பின் அதிர்வைப் போலவும், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்தைப் போலவும் அது இருந்தது என்றும், ஒரே தொடர் ஒலியாக இல்லாமல் தனித்தனியான பல சிற்றொலிகளாகக் கேட்டது என்றும் அவர் குறித்துள்ளார். அவரிடம் மீனவர்கள் எடுத்துக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. வாவியின் அடியில் பாறையிலும் சேற்றிலும் கிடக்கும் அந்தச் சிறு நத்தையினமே ஒலியை எழுப்புகிறது என்பது அவர்களுடைய கருத்து. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் இதனை ஒலிப்பதிவு செய்து வானொலியிலும் கேட்கச் செய்தார். மீனா ஊரியா என்ற விவாதம் இன்றைக்கும் முடிந்தபாடில்லை.

கேட்க விரும்பினால் செய்ய வேண்டியது இதுதான். பூரணையை ஒட்டிய நாளில், இரவு பத்து மணிக்குப் பின், பாலத்துக்கு அருகிலுள்ள படகுக்காரர் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, துடுப்பால் வலிக்கும் தோணியில் செல்லுங்கள். இயந்திரப் படகு எதற்கும் உதவாது. பாலத்தின் தூண்களுக்கு அருகே தோணியை நிறுத்தியதும், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். படகுக்காரரே பிடித்துக் காட்டுவார். முதலில் நீர் தட்டும் ஓசைதான் வரும். பிறகு, அதிர்ஷ்டம் இருந்தால், தவளை கத்துவது போன்ற, நரம்பு இழுப்பது போன்ற ஒரு முனகல். 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வாகனப் போக்குவரத்து இரவிலும் ஓயாததால், பழைய காலத்து அமைதியை எதிர்பார்க்க முடியாது. கேட்கவில்லை என்றால் படகுக்காரரைக் குறை சொல்லாதீர்கள். நிலவில் வாவியின் மேல் ஒரு மணி நேரம் இருந்ததே செலவழித்த காசுக்குப் போதும் என்பது என் எண்ணம். லேடி மனிங் என்ற பெயருடைய பழைய இரும்புப் பாலமும் பக்கத்திலேயே இருக்கிறது. மாலையில் அதில் நடப்பதும், தூண்டில் போடுகிறவர்களோடு பேச்சுக் கொடுப்பதும் பணம் செலவில்லாத பொழுதுபோக்கு.

பாலத்தைக் கடந்தால் கல்லடி. உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்து, கிழக்கில் பாடசாலைகளை வளர்த்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, பழந்தமிழரின் யாழைப் பற்றிய ஆராய்ச்சியைத் தம் வாழ்வின் முடிவில் நூலாக்கி 1947இல் மறைந்தவர் அவர். சென்னையிலிருந்து வரும் தமிழர் இந்த இடத்தைத் தவறவிடக் கூடாது. அங்கிருந்து கடற்கரைக்குப் போனால் திருச்செந்தூர் முருகன் ஆலயம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் அடிபட்டுச் சரிந்த கோபுரத்தை அங்கே காணலாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த நாவலடி அன்று அடைந்த இழப்பை இங்குள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முயல வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

நகரத்துக்கு வடக்கே பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. உயரம் 28 மீற்றர். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அதற்கு அருகில்தான். ஓகஸ்டில் மணல் திடல் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும், மாரியில் வெள்ளம் பெருகினால் அதை வெட்டி விடுவார்கள். மகளுக்கு உப்புநீரில் வளரும் கண்டற்காட்டையும் நீர்ப்பறவைகளையும் காட்ட அந்தப் பக்கம் வசதியானது. போகும் வழியில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயம். நீங்கள் வரும் நாள் ஆடி அமாவாசையை ஒட்டியதாக அமைந்தால், இறந்த தந்தையருக்காக மாமாங்கத் தீர்த்தத்தில் ஆடும் பெருங்கூட்டத்தைக் காண்பீர்கள். அன்று நகரத்தில் தங்குமிடம் கிடைப்பது கடினம், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பிற்பகலைப் படுவான்கரைக்குக் கொடுங்கள். முன்பு பாதையில், அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவையில், கடக்க வேண்டியிருந்த மண்முனைத் துறையில் 2014இல் ஜப்பானின் உதவியுடன் பாலம் கட்டப்பட்டுவிட்டது. அதைத் தாண்டினால் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயம். போர்த்துக்கேயர் கோயிலை இடிக்க வந்தபோது அங்கிருந்த கல்நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தேர்த்திருவிழா ஆவணியை ஒட்டி வரும். வடம் பிடிக்கச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் முழுவதும் திரளும். திருவிழா இல்லாத நாளில் போனால் வயல்களின் அமைதியும் கோயிலின் அமைதியும் ஒன்றாகவே இருக்கும். எனக்கு அதுவே பிடிக்கும்.

நேரமிருந்தால் மேலும் தெற்கே மண்டூர் முருகன் கோயிலுக்கும் போகலாம். கதிர்காமத்தைப் போலவே திரை மூடியபடி, வாய் கட்டிய பூசகர் மௌனமாகச் செய்யும் பூசை அங்கே நடக்கிறது. சிதம்பரத்தையும் மதுரையையும் பார்த்துப் பழகிய தாயாருக்கு இது புதிதாக இருக்கும். எழுவான்கரையிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து பாதையில் வாவியைக் கடந்து மண்டூருக்குப் போவது இங்குள்ள நீண்டகால வழக்கம். மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றாக நெருங்கி நிற்க, வாவியின் நடுவில் வந்ததும் காற்று முகத்தில் அடிக்கும் அந்தச் சில நிமிடங்களை உங்கள் மகள் மறக்கமாட்டாள்.

படுவான்கரை வீதியில் மண்சட்டிகளை அடுக்கி வைத்து எருமைத் தயிர் விற்பார்கள். சட்டியின் வாயைத் தாளால் மூடிக் கட்டியிருக்கும். பிரித்தால் மேலே மஞ்சள் சாயலான ஆடை, கரண்டியால் வெட்டினால் வெட்டிய இடம் இடியாமல் நிற்கும், அடியில் தண்ணீர் ஊறியிருக்காது. சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் இந்தக் கெட்டி. நல்ல தயிரா என்று அறிய விற்பவரைக் கேட்பதைவிடச் சட்டியைச் சற்றே சாய்த்துப் பார்ப்பது மேல். சீனி போட்டும், கித்துள் பாணி ஊற்றியும் சாப்பிடலாம். சோற்றுக்கு ஊற்றிப் பிசைந்து மீன் பொரியலோடு உண்பது எங்கள் வீட்டு வழக்கம்.

சாப்பாடு பற்றி வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வாவி நண்டு, இறால், கொடுவா ஆகிய மூன்றையும் சாப்பிடாமல் போக வேண்டாம். விடுதிகளில் வெளிநாட்டவருக்கென்று உறைப்பைக் குறைத்து விடுவார்கள். வீட்டுச் சமையல் போல வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் போட்ட நண்டுக் கறி வரும். சைவ உணவு உண்பவர்களுக்குப் புளியந்தீவில் கடைகள் உண்டு. நகரத்துக்கு வெளியே அவை குறைவு. தாயார் சைவம் என்றால் பகல் உணவை நகரத்திலேயே முடித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

நகரத்துக்குத் தெற்கே முதலில் வருவது காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டதும் ஊர் மாறியது தெரிந்துவிடும். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழைய வாழ்க்கை முறையைக் காட்டும் நூதனசாலையொன்று இங்கே இருக்கிறது. பெண்களுக்கே வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும் குடியை, அதாவது குலத்தை, தாய்வழியாக எண்ணுவதும் இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இருந்தோம் என்று இரு பக்கத்து முதியவர்களும் சொல்வார்கள். போர்க் காலம் அந்த உறவில் போட்ட விரிசலையும் அதே முதியவர்கள்தான் அறிவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் தெற்கே, அம்பாறை மாவட்டத்துக்குள் நுழைந்ததும், மருதமுனை. நெசவுக்குப் பெயர்போன ஊர் அது. சாறமும் சேலையும் கடையில் வாங்குவதைவிட, ஒரு தறிக்கூடத்துக்குள் போய் நாடா ஓடுவதைப் பார்த்துவிட்டு அங்கேயே வாங்கினால் விலையும் நியாயமாக இருக்கும், நெய்தவரையும் கண்டதாக இருக்கும்.

பாசிக்குடாவுக்கு மூன்றாம் நாள் போய் வாருங்கள். நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். வளைந்த குடாவாக இருப்பதால் அலை குறைவு, நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு நீர்தான். சிறு பிள்ளைக்கும் முதியவருக்கும் கிழக்குக் கரையில் இதைவிடப் பாதுகாப்பான கடல் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பொதுக் கடற்கரையில் கால் வைக்க இடம் இராது. பக்கத்திலுள்ள கல்குடாவில் ஆட்கள் குறைவு, ஆனால் குளிப்பதற்குப் பாசிக்குடா அளவுக்கு ஏற்றதல்ல. கடலடியில் மூழ்குபவர்கள் சிலர், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி மட்டக்களப்புக்கு வருகிறார்கள். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கும் அது, தேர்ந்த பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது.

நான்காம் நாள் காலை தெற்கே புறப்படுங்கள். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி வரும் இந்த வீதி, பொத்துவில் வரை நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி அம்மன் கோயில்கள் உள்ளன. அம்மனைக் குளிர்விக்க வைகாசியில் நடக்கும் குளிர்த்திச் சடங்கே அவற்றின் உயிர். நீங்கள் ஓகஸ்டில் வருவதால் அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயம் கடலோரத்திலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள்.

அறுகம்குடாவைப் பொறுத்தவரை, சித்திரை முதல் ஐப்பசி வரை அலைச்சறுக்கு வீரர்களின் கூட்டம் நிறைந்திருக்கும். அங்கே அலையைப் பார்ப்பதே வேலை, குளிப்பதற்குப் பிள்ளையை இறக்காதீர்கள். அதைவிடப் பொத்துவில் களப்பில் மீனவர்கள் ஓட்டும் தோணியில் அதிகாலையில் கண்டற்காடுகளுக்கிடையே போவதையே உங்கள் குடும்பத்துக்குச் சொல்வேன். முதலையும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் நிச்சயம் போலத் தெரியும், கரைக்கு வரும் யானையைப் பார்ப்பது வாய்ப்பைப் பொறுத்தது. ஐந்தாம் நாள் பாணமை தாண்டிக் காட்டு வழியே உகந்தை முருகன் கோயிலுக்குப் போகலாம். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன் கடைசியாகத் தங்கும் தலம் இது. பாறையும் கடலும் காடும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். வழியில் யானை நடமாட்டம் இருப்பதால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். அம்பாறைக்கு மேற்கே இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகேறி, தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் பார்ப்பதும் சிறந்த அனுபவமே. ஆனால் அதற்கு ஒரு முழு நாள் தேவை, இந்த ஐந்து நாளுக்குள் அதைத் திணிக்க வேண்டாம். தீகவாபி, இராசகல் ஆகிய பழைய பௌத்தத் தலங்கள் அந்த வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு. இராசகல் ஏற்றம் தாயாரால் முடியாது.

வெயிலைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. ஓகஸ்டில் மேற்கிலிருந்து கச்சான் காற்று காய்ந்து வீசும். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெளியே அலைய வேண்டாம், அந்த நேரத்தை உறக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடற்காற்று இறங்கினால் மாலை இதமாகிவிடும். கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், எனவே ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.

திரும்பிப் போவதற்காக மீண்டும் மட்டக்களப்புக்கு ஏறி வர வேண்டியதில்லை. பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாகக் கொழும்புக்கு நேர் வீதி இருக்கிறது. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே லகுகலக் குளம் வீதியோரமாக வரும், கோடையில் நீரையும் புல்லையும் தேடி யானைகள் அங்கே இறங்குவது வழக்கம். அதனால் அந்தப் பகுதியை வெளிச்சம் இருக்கும்போதே கடக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள்.